260 அடிகள் கூடுதலாக

போன வருசம் தீபாவளிக்கு முந்தின வாரம் பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்டைத் திறந்து வாசல்வரை நடந்து வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏண்டா காலத் தாங்கித் தாங்கி வர்ற?"

"ஓடினேன் பாட்டி. முட்டி போயிருச்சி."

"யாரு தொரத்துனா?"

எண்பதைத் தாண்டியவர். முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவரிடம் போய், யாரும் துரத்தாமல், நானே காசு கட்டி, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடுவதற்காகப் பயிற்சி எடுத்தேன் என்று எப்படி விளக்குவது? சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனேன். வாசலில் இரண்டே படிதான். ஏறும்போது வலி அவ்வளவாகத் தெரியாது, இறங்கும்போதுதான் உயிர் போகும் என்பதால் அப்போதைக்குத் தப்பித்தேன்.

நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். பம்ப், கியர்பாக்ஸ், பேரிங் இவற்றோடுதான் என் நாள் கழியும். வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்த உற்சாகத்தில் ஐந்தே வாரத்தில் அதை 45 ஆக்கினேன். எங்கள் பிளாண்டில் எந்த இயந்திரத்துக்கும் இப்படிச் சுமை ஏற்ற நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஆறாவது வாரம் எல்.ஆர்.டி. படிக்கட்டில் இறங்கும்போது முட்டிச்சில்லுக்குப் பின்னால் யாரோ மணலைப் போட்டுத் தேய்த்தமாதிரி இருந்தது. அதற்கப்புறம் மூன்று மாதம் ஓட்டம் இல்லை.

ஸ்கேனில் கிழிசல் எதுவும் இல்லை. முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே ஏறும் அழுத்தத்தால் வரும் வலி. ஓடுகிறவர்களுக்கு ரொம்பச் சாதாரணமாக வருவது. பிசியோவிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். முதல் சில வாரம் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி மட்டும். பிறகு ஒருநாள் டிரெட்மில்லில் ஏற்றி, கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டினார்.

நான் ஓடுவதை நானே பார்த்தது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் நான் வேறு ஒருவனாக ஓடிக்கொண்டிருந்தேன். திரையில் இருந்தவன் காலை உடம்புக்கு வெகுமுன்னால் நீட்டி, முட்டியைக் கிட்டத்தட்ட நேராக வைத்து, குதிகாலால் தரையைக் குத்திக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடுறீங்க" என்றார் பிசியோ. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினார். 158. "இதை 166 ஆக்குங்க. வேகம் கூடக் கூடாது. குதிகாலா முன்பாதமா என்றெல்லாம் யோசிக்காதீங்க. அடியை மட்டும் குறைச்சு, சீக்கிரம் சீக்கிரம் வைங்க. இன்னொண்ணு, கெண்டைக்கால் கொஞ்ச நாளைக்குத் திட்டும்."

அவ்வளவுதான் சிகிச்சை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற என் வேகத்தில் 158 அடி என்றால் ஓர் அடியின் நீளம் 97 சென்டிமீட்டர். 166 என்றால் 93க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை, ஒரு தீப்பெட்டி நீளம். 5 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது பழைய கணக்கைவிட 260 அடிகள் கூடுதலாக வைத்திருப்பேன். முட்டி நோகுது என்று வந்தவனை இன்னும் 260 தடவை தரையில் இறக்கச் சொல்கிறார். ஆனால் ஒவ்வோர் இறக்கத்திலும் பாதம் உடம்புக்குக் கீழே கிட்டத்தில் விழும், முட்டி கொஞ்சம் மடங்கியே இறங்கும், ஓர் அடிக்கு முட்டி வாங்கும் வேலை குறையும். 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹைடர்ஷைட் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். வேகத்தை மாற்றாமல் அடி எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டினாலே முட்டி உள்வாங்கும் ஆற்றல் குறைகிறது.

ஐஸ் பையை முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகளில் எனக்கு வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மூச்சு விட யாரும் கற்றுத் தருவதில்லை, ஓடவும் அப்படித்தான் என்று இருந்தேன். ஓடுவதில் சரி, தப்பு என்று ஒன்று இருக்கிறதென முதலில் யார் சொன்னது? எப்போதிருந்து?

தேடிப் போனால் கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. 1878 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைத் துண்டு துண்டாகப் படமெடுத்தார். நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும் ஒரு கணம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டி, ஆட்டுக்குதிரை மாதிரியே வரைந்துகொண்டிருந்தார்கள். பத்து வருசத்துக்குள் அவர் மனிதர்களையும் அதேபோல ஓடவிட்டுப் படமெடுத்துவிட்டார்.

எனக்கு மைபிரிட்ஜைவிட பிரான்ஸ்காரர் எட்டியன் ஜூல் மாரேயைத்தான் பிடித்தது. மனுசன் அடிப்படையில் என் ஜாதி, கருவி செய்கிறவர். மைபிரிட்ஜுக்கு முன்பே, 1873இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சப்பாத்தை விவரிக்கிறார். தடித்த ரப்பர் அடிப்பாகம், அதற்குள் காற்றறை. பாதம் தரையில் பட்டால் காற்று நசுங்கும். நசுங்கிய அழுத்தம் ஒரு குழாய் வழியாக, ஓடுகிறவர் கையில் பிடித்திருக்கும் சின்ன உருளைக்குப் போய் அங்கே கோடாகப் பதியும். எத்தனை அடி, ஒவ்வோர் அடியும் எவ்வளவு நேரம் தரையில் நின்றது, எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். இன்றைக்கு என் கைக்கடிகாரம் செய்கிற வேலை. நூறு வருசம் கழித்து நைக்கி நிறுவனம் சப்பாத்துக்குள் காற்றறை வைத்து அதிர்ச்சியைத் தாங்கும் என்று விற்றது. மாரே அதே காற்றை அளப்பதற்கு வைத்திருந்தார். அந்தச் சப்பாத்தை எப்படியாவது ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மாரேயின் ஆய்வுக்கூடத்தைச் சுற்றியிருந்தவர்களிடம்தான் "சரியான ஓட்டம்" என்ற எண்ணம் ஒரு கொள்கையாகவே உருவெடுக்கிறது. டி ரவுல் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி தம் சிப்பாய்களுக்கு ஒரு புது ஓட்டத்தைப் பழக்கினார். உடம்பை முன்னால் சாய்த்து, முட்டியை மடக்கியே வைத்து, பாதத்தைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல், குட்டை அடியாக எடுத்து வைக்க வேண்டும். சிப்பாய் களைக்காமல் வெகுதூரம் போவான் என்றார். படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. குட்டை அடி, மடங்கிய முட்டி. என் பிசியோ சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் இந்த ஓட்டத்துக்கு அவர்கள் தேடிய சான்றுதான் வயிற்றைப் பிசைந்தது. டி ரவுலின் கூட்டாளி ஃபெலிக்ஸ் ரெனோ ஒரு மருத்துவர். 1895இல் பாரிஸில் மேற்கு ஆப்பிரிக்க மக்களை ஒரு செயற்கைக் கிராமத்தில் குடிவைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். மனிதக் கண்காட்சி. ரெனோ அவர்களைக் கேமரா முன் நடக்கவிட்டு, ஓடவிட்டு, படம்படமாக எடுத்தார். இவர்கள் "நாகரிகம் தொடாதவர்கள்", அதனால் இவர்கள் முட்டி இயற்கையாகவே மடங்கி இருக்கிறது, விறைப்பாக நடக்கும் ஐரோப்பியன் அந்த இயற்கையை இழந்துவிட்டான் என்பது அவர் வாதம். 1898இல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்கு மாரேயே முன்னுரை எழுதினார். ஆக, ஆப்பிரிக்கனின் முட்டியைப் பார்த்து பிரெஞ்சுச் சிப்பாய்க்கு ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தச் சிப்பாய் எங்கே ஓடப்போகிறான் என்று யோசித்தால் இன்னும் கசக்கிறது. அவனில் ஒரு பகுதியினர் போனது ஆப்பிரிக்காவுக்குத்தான்.

படங்களில் இருப்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு முட்டி வலித்ததா என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு ஓட்ட உத்தி பயிற்சியாளர்களின் கைக்குப் போய்விடுகிறது. ஆளுக்கொரு சித்தாந்தம். அதையெல்லாம் கேலி செய்வதற்கென்றே வந்தவர்போல செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக். தலை ஒருபக்கம் தொங்கும், முகம் வலியில் கோணும், தோள் ஆடும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். மாரத்தான் ஓடியது அதுதான் அவருக்கு முதல் தடவை. அந்தப் பழைய காணொளியை முட்டி சரியில்லாத யாரும் பார்க்க வேண்டும், மனசுக்கு அவ்வளவு நல்லது.

இன்றைய நம் கால்களின் கதையை மாற்றியவர் பில் பவர்மேன். அமெரிக்காவின் ஓரிகனில் தடகளப் பயிற்சியாளர். 1962 கடைசியில் நியூசிலாந்து போனவர், அங்கே ஆர்தர் லிட்யார்ட் என்ற பயிற்சியாளர் சாதாரணச் சனங்களை, கிழவர்களையும்கூட, மெதுவாக ஓடவைப்பதைப் பார்த்தார். திரும்பிவந்து ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து 1967இல் "ஜாகிங்" என்ற புத்தகத்தை எழுதினார். ஓடுவது பந்தயக்காரர்களின் வேலை என்றிருந்தது போய், ஆபீஸ் விட்டு வந்த ஆசாமியும் ஓடலாம் என்றாயிற்று. குதிகாலில் இறங்கி முன்பாதத்துக்கு உருளும் ஓட்டம் அந்தப் புத்தகத்தில் நல்ல பேர் வாங்கியது. அதே பவர்மேன்தான் நைக்கியின் இணை நிறுவனர். 1971இல் மனைவியின் வாஃபிள் அச்சில் யூரித்தேனை ஊற்றிப் புதுவகை அடிப்பாகம் வார்க்கப் பார்த்தவர். முதல் தடவை அச்சு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லையாம்.

அவரைப் பற்றிப் படித்ததில் என்னை நிறுத்தியது வேறொரு தகவல். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் பசைகளோடும் கரைப்பான்களோடும் பல காலம் சப்பாத்து செய்ததில் பவர்மேனின் கால் நரம்புகள் கெட்டுப்போயின. லட்சக்கணக்கானவர்களை ஓடவைத்த மனிதர், தான் செய்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓட முடியாதவர் ஆனார். பிளாண்டில் பாதுகாப்புக் கூட்டத்தில் கரைப்பான் பற்றிப் பேச வேண்டி வந்தால் நான் இப்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நைக்கி பேரைச் சொன்னதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குதிகால் பகுதி வருசத்துக்கு வருசம் தடித்தது. ஆனாலும் முட்டி வலி ஒழியவில்லை. அப்போதுதான் ஊசல் மறுபக்கம் போகிறது. 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் "பார்ன் டு ரன்". மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் டயர் ரப்பரை வெட்டிக் கட்டிய செருப்போடு நாள்கணக்கில் ஓடும் ராராமுரி மக்களைப் பற்றியது. அடுத்த வருசமே ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், அதனால் குதிகாலில் இறங்கும்போது வரும் திடீர் மோதல் அவர்களிடம் இல்லை என்று நேச்சர் இதழில் எழுதினார். அவ்வளவுதான். சப்பாத்துதான் வில்லன், வெறுங்கால்தான் இயற்கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிற கையுறைமாதிரி ஒரு சப்பாத்து கோலாலம்பூர்ப் பேரங்காடிகளுக்கும் வந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு முந்தின செட்டில் ஓர் அண்ணன் பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கினார். கால் எலும்பில் விரிசல் விழுந்து ஒரு செமஸ்டர் ஊன்றுகோலோடு வந்தார். அந்தச் சப்பாத்து உடம்புக்குத் தரும் என்று சொன்ன நன்மைகளுக்கு ஆதாரம் போதாதென்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2014இல் நிறுவனம் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இந்த வெறுங்கால் கதையில் எப்போதும் அபேபே பிக்கிலா வருவார். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்ற எத்தியோப்பியர். அவர் நான்கு வருசம் கழித்து தோக்கியோவில் சப்பாத்து போட்டுக்கொண்டு, அதைவிட மூன்று நிமிடம் வேகமாக ஓடி மறுபடியும் வென்றார் என்பது அவ்வளவாக வராது. குடல்வால் அறுவை செய்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகாத நிலையில்.

"இயற்கையான ஓட்டம்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரெனோவின் கேமரா ஞாபகம் வருகிறது. 1895இல் செனகல்காரர், 2009இல் ராராமுரி. இருவரும் யாரோ ஒருவரின் முட்டி வலிக்கு மருந்தாகப் பார்க்கப்பட்டார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், லீபர்மேன் பிறகு ராராமுரி ஓட்டக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டே ஒரு கட்டுரை எழுதினார். 2020இல் வந்தது. "காட்டுமிராண்டி ஆனால் பிறவி வீரன்" என்ற பார்வையே பிழை, அவர்களும் கஷ்டப்பட்டுத்தான் ஓடுகிறார்கள், காயப்படுகிறார்கள், ஓட்டம் அவர்களுக்கு வழிபாடு, உறவு, உழைப்பு எல்லாம் கலந்தது என்று.

வெறுங்காலைப் பற்றி நம்மிடம் வேறு ஒரு வரலாறு இருக்கிறது. 1915க்கும் 1917க்கும் இடையில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை கிழக்கு நாடுகளுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. தலைவர் சாமுவேல் டார்லிங். மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்று இடங்களிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தார்கள். மலாயாவில் அவர்கள் பரிசோதித்தவர்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் இருந்து வெறும் பாதத்தின் தோல் வழியாக உள்ளே போகும். விரலிடுக்கில் முதலில் அரிப்பு. பிறகு ரத்த ஓட்டத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் போவான். சோம்பேறிக் கூலி என்று துரைமார்கள் எழுதிவைத்த எத்தனையோ பேர் ரத்தசோகை பிடித்தவர்களாக இருந்திருப்பார்கள். உலகத்துக்கே ரப்பர் கறந்து கொடுத்தவர்களின் காலில் ரப்பர் இல்லை.

பாட்டியிடம் கேட்டேன். சின்ன வயதில் அவருக்கும் சப்பாத்து கிடையாது. "காலெல்லாம் சேத்துப்புண்ணு. டிரசர் பூச்சி மருந்து குடுப்பாரு. குடிச்சா அன்னிக்கு முழுக்க எந்திரிக்க முடியாது." பிறகு கருப்பு ரப்பர் சப்பாத்து வந்தது. ஒரே வார்ப்பாக, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். இன்றும் கம்பத்துச் சாமான் கடைகளில் தொங்கும், நாம் கிண்டலாக "அடிடாஸ் கம்போங்" என்கிறோமே, அது. இப்போது காட்டுப்பாதையில் ஓடுகிறவர்கள் சேற்றில் நல்ல பிடிப்பு என்று அதைத் தேடிப் போய் வாங்குகிறார்கள். பாட்டிக்கு அதைச் சொன்னபோது நம்பவில்லை.

நம்மவர்கள் ஓடிய வரலாறும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் இறுதி. மலேசியாவின் மணி ஜெகதீசனும் சிங்கப்பூரின் சி. குணாளனும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் ஒரே நேரம் பதிவானது. படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு என்று முடிவாயிற்று. சிங்கப்பூர் தனிநாடாகி ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அதே பேங்காக்கில் எம். ராஜாமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஜெகதீசன் டாக்டர், குணாளன் ஆசிரியர், அதுவும் பந்து விளையாடிக்கொண்டிருந்து ஓட்டத்துக்கு வந்தவர். 1968 மெக்சிகோவில் குணாளன் ஓடிய 10.38 வினாடி சிங்கப்பூர்ச் சாதனையாக 33 வருசம் நின்றது. ஜெகதீசன் அங்கே 200 மீட்டரில் ஓடிய 20.92 மலேசியச் சாதனையாக 2017 வரை நின்றது. இவர்களை யாரும் இயற்கையின் பிள்ளைகள் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு நன்றி.

சரி, முட்டிக்கு வருகிறேன்.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது ஒரு பழைய பட்டறைப் பாடம்தான். பிளாண்டில் ஒரு பிராக்கெட் திரும்பத் திரும்ப விரிசல் விட்டால் புதுசாக வந்த பொறியாளர் அதைத் தடிமனாக்குவார். மூன்று மாதம் கழித்து அதற்குப் பக்கத்து வெல்டு விட்டுக்கொள்ளும். சுமை எங்கேயும் போகாது, இடம் மாறும். ஓட்டத்திலும் அதேதான். நிக்கலாஸ் ரொமானோவ் என்ற ரஷ்யப் பயிற்சியாளர் 1970களில் "போஸ்" என்றொரு உத்தியை உருவாக்கினார். 2004இல் கேப் டவுன் ஆய்வாளர்கள் அதைச் சிலருக்குப் பழக்கிவிட்டு அளந்தார்கள். முட்டியின் வேலை குறைந்தது. கணுக்காலின் வேலை கூடியது. முன்பாத ஓட்டமும் அப்படியே, முட்டிக்கு லாபம் என்றால் குதிநரம்புக்கும் கெண்டைக்காலுக்கும் செலவு. குதிகால் ஓட்டத்தில் நேர்மாறு. குதிகாலில் இறங்குவதே தப்பு என்கிறவர்கள் ஜப்பானில் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். சப்போரோ அரை மாரத்தானில் 15ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்து 283 பேரைப் படமெடுத்தார்கள். உச்சத் தரத்து ஓட்டக்காரர்கள். நான்கில் மூன்று பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள்.

180 என்ற எண்ணின் கதையும் இதே ரகம். பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உட்கார்ந்து வீரர்களின் அடிகளை எண்ணினார். 46 பேரில் ஒருவர்தான் நிமிடத்துக்கு 180க்குக் கீழே. அது பந்தய வேகத்தில் ஓடும் ஒலிம்பிக் கால்களின் கணக்கு. பிறகு எப்படியோ அது எல்லோருக்குமான சட்டமாகி, என்னைப்போல ஆறரை நிமிட ஆசாமிகளும் 180க்குத் தாளம் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பிசியோ அந்த எண்ணைச் சொல்லவே இல்லை. என் 158இல் இருந்து எட்டுக் கூட்டினார், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

மூன்றாவது வாரம் கெண்டைக்கால் இறுகிக் கல்லானது. அவர் சிரித்தார். "முட்டியில இருந்த வேலைய கொஞ்சம் கீழ இறக்கியிருக்கோம். அதுக்குப் பழக நாளாகும். மெதுவாப் போங்க." மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. கைப்பேசியில் மெட்ரோனோம் டக் டக் என்று 166 அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பாடாங்கில் பிள்ளைகளெல்லாம் என்னைத் தாண்டிப் போகும். ஒரு பெரியவர் "சாக்கிட் காக்கி கா?" என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டு அவரும் தாண்டிப் போனார்.

கடைசியாகப் பாட்டி வீட்டுக்குப் போனபோது ஒரு யோசனை தோன்றியது. கைப்பேசியை நாற்காலியில் சாய்த்து வைத்து, பாட்டியைக் கூடத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கச் சொன்னேன். "எதுக்குடா?" என்றவர், வீடியோ என்றதும் சேலையைச் சரிசெய்துகொண்டார். வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். குட்டை அடி. தட்டையாக இறங்கும் பாதம். மடங்கியே இருக்கும் முட்டி, இரண்டு பக்கமும். முன்னால் சாய்ந்த உடம்பு. டி ரவுல் பார்த்திருந்தால் சிப்பாய்களுக்குக் காட்டியிருப்பார். அந்த முட்டி மடங்கியிருப்பது அது நீளாததால். ஒரு நாளைக்கு நானூறு மரம் என்று பாட்டி சொல்வார். கீழ்க்கோட்டு வெட்டு என்றால் மரத்துக்கு மரம் குனிய வேண்டும், குந்த வேண்டும். நானூறை முப்பது வருசத்தால் பெருக்கப் போய், பாதியில் விட்டுவிட்டேன்.

"என்னா தெரியுது?" என்றார்.

"சின்னச் சின்ன அடியா வைக்கிறீங்க பாட்டி. என்னைய அப்படித்தான் ஓடச் சொல்றாங்க. எனக்கு வர மாட்டேங்குது."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வலது கையைத் தோளுக்குத் தூக்கி, இல்லாத ஒரு கட்டையைப் பிடித்தார். "நாங்களும் ஓடுவோம்டா. மழ இருட்டிக்கிட்டு வந்தா. மங்குல இருக்கிற பாலெல்லாம் மழத் தண்ணியில கெட்டுப்போயிரும். அவசர அவசரமா வழிச்சு ஊத்தி, ரெண்டு பக்கமும் காண்டா வாளி, ஸ்டோருக்கு ஓடணும். எட்டி வச்சா வாளி ஆடும், பால் சிந்திரும். சிந்துனா அன்னிக்குச் சம்பளம் போச்சு." உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் தட்டிக் காட்டினார். குடுகுடுவென்று, தரையை உரசுவதுபோல. "இப்படி. தோள் ஆடக் கூடாது. பாலப் பார்த்துக்கிட்டே ஓடணும்."

எத்தனை அடி என்று எண்ணத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டார். கால் வலிக்கிறது, தைலத்தை எடுத்து வா என்றார்.

மறுநாள் விடியற்காலை அங்கேயே ஓடினேன். தாமான் முடிகிற இடத்தில் பாட்டி வேலை செய்த தோட்டம் தொடங்கும். இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. மெட்ரோனோமை அணைத்துவிட்டு, தோளில் இரண்டு வாளி தொங்குவதாக நினைத்துக்கொண்டு செம்மண் பாதையில் 3 கிலோமீட்டர். திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 163. வாசற்படி இரண்டையும் ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தேன். இடது முட்டியில் லேசாக ஒரு கடுகடுப்பு இருந்தது. பாட்டி கதவருகில் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.